பொன்னாடையோடு வந்த பிணைப் பத்திரம்

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. முன்னாள் போராளி. 2009 தை மாதம் விசுவமடுவில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று நெற்றியால் உள்ளே போனது. எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர்மார் உள்ளேயே விட்டுவிட்டார்கள். வலிப்பு வரும், மருந்தில் இருக்கிறார். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகக் கதைப்பார். ஆனால் யார் என்ன கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லமாட்டார். சொன்னதை மறந்தும் போவார். அவருடைய பெரியம்மாவின் மகனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை வைத்து அவர் ஒரு கௌரவிப்பு ஒழுங்கு செய்தார். இவருக்குப் பொன்னாடை போர்த்தி, உலர் உணவுப் பொதி கொடுத்து, படம் எடுத்தார்கள். அன்று பின்னேரமே அத்தான் தன் பட்டா வாகன (சின்ன லொறி) லீசிங்குக்கு இவரிடம் பிணைக் கையெழுத்து வாங்கிவிட்டார். நாலு மாதம் தவணை கட்டாமல் விட, கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் கிழமைக் கடன் ஒரு லட்சம் எடுத்து நிலுவையைக் கட்டினேன். அதிலிருந்து மாதம் 22,000 ரூபாய் நான்தான் கட்டுகிறேன். இன்னும் 30 தவணை இருக்கிறது. அதற்கு முந்தியே அத்தானின் மகளின் சாமத்திய வீட்டுக்கென்று கைமாற்றாகக் கொடுக்க, என் மூன்று பவுண் நகை 4,50,000 ரூபாய்க்கு அடைவில் போனது. வருமானம்: என் தையல் 32,000, இவருடைய மாற்றுத்திறனாளி கொடுப்பனவு 10,000, சுவிசிலிருந்து தம்பி அனுப்புவது 40,000. வீட்டுச் செலவு 54,000. இப்போது அத்தான், தம்பியிடம் ஐந்து லட்சம் கேட்டு வாங்கி ஒரு போன் அப்பில் போட்டால் டொலரில் தினமும் ஒரு வீதம் வரும், எல்லாக் கடனும் தீரும் என்கிறார். போன மாதம் கிளினிக்கில் ஒரு மருந்து இல்லை என்று வெளியில் வாங்கச் சொன்னார்கள். காசில்லாமல் நாலு நாள் பிந்தித்தான் வாங்கினேன். ஐயா, இவருடைய மானம் போகாமல் இதிலிருந்து வெளியில் வர வழி உண்டா? (கோப்பாயிலிருந்து ஒரு வாசகி; கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: சகோதரி, முதலில் மருந்து. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து ஆபத்தில் முடியலாம். ஐயாயிரம் ரூபாயை ஒரு உறையில் போட்டு 'மருந்து' என்று எழுதி வையுங்கள். லீசிங்காரன் வாசலில் வந்து நின்றாலும் அந்த உறை திறக்கக்கூடாது. அந்த ஐயாயிரம் எங்கிருந்து வரும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வரவு செலவு எழுதுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று உங்களுக்கு நான் வகுப்பு எடுக்கப் போவதில்லை. தையல் நூல் வாங்கிய கணக்கைக்கூடச் சதம் பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத சிக்கனமா எனக்குத் தெரியும்?

உங்கள் கணக்கையே திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். வரவு 82,000, வீட்டுச் செலவு போக மிச்சம் 28,000. அத்தானின் லீசிங் 22,000. கிழமைக் கடன் கிழமைக்கு 2,300, அதாவது மாதம் பத்தாயிரம். அடைவு வட்டி 4,500 அளவில். கூட்டினால் 36,500. மாதா மாதம் 8,500 ரூபாய் துண்டு விழுகிறது; வருடத்தில் ஒரு லட்சம். அடுத்த ஒரு லட்சக் கிழமைக் கடனுக்கு நீங்கள் இப்போதே வரிசையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்தக் கடனின் விலையையும் பாருங்கள். 2,300 ரூபாய்ப்படி 52 கிழமைக்கு 1,19,600. 'வட்டி இருபது வீதம்கூட இல்லை அக்கா' என்று சொல்லித்தான் தந்திருப்பார்கள். ஆனால் கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போகிறீர்கள் அல்லவா, சராசரியாக வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பது ஐம்பதாயிரம்தான். அதற்கு 19,600 வட்டி என்றால் நாற்பது வீதத்துக்குக் கிட்ட வருகிறது. வடக்கில் எத்தனை பெண்களை இந்த நுண்கடன் வீட்டை விட்டு ஓட வைத்தது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்கடன்களை ரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

சரி, இப்போது விசயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டைக் கெடுப்பது கடன் என்று நினைக்கிறீர்கள். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் கையெழுத்து வைக்கிறார், நீங்கள் பேசாமல் கட்டுகிறீர்கள். இந்தப் பழக்கம்தான் வினை. அத்தானுக்கு இது நன்றாக விளங்கிவிட்டது. ஆளைக் கொஞ்சம் உயர்த்திக் கதைத்தால் கையெழுத்து வரும், கையெழுத்து வந்தால் பின்னால் தங்கச்சியின் காசு வரும்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் 'கொஞ்சம் பொறு, யோசி' என்று மனுசனைப் பிடித்து நிறுத்துவது. அங்கே காயம் பட்டவர் நடப்பார், சிரிப்பார், பழைய கதை எல்லாம் சொல்வார். ஆனால் மறுக்கவும், பின்விளைவை நிறுத்துப் பார்க்கவும் கஷ்டப்படுவார். கை கால் போயிருந்தால் கண்டவர்கள் விளங்கிக்கொள்வார்கள். இந்தக் காயம் வெளியில் தெரியாது. வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். வியட்நாம் போரில் தலைக்குள் துண்டு பாய்ந்த அமெரிக்கச் சிப்பாய்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பதினைந்து வருடம் போன பிறகு பார்த்தால் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த நாட்டில் முன்னாள் படையினர் திணைக்களம், காசைக் கையாள முடியாத நிலையில் இருக்கிறவருக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து அவர் மூலம்தான் கொடுப்பனவைக் கொடுக்கிறது. மனைவியே பொறுப்பாளராக இருக்கலாம். எங்கள் தெற்கில் காயப்பட்ட இராணுவச் சிப்பாய்க்கு ஓய்வூதியமாவது உண்டு. உங்கள் கணவருக்கு அதுவும் இல்லை. ஆகவே பொறுப்பாளர் வேலை சம்பளமில்லாமல் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

நானும் ஒருமுறை பிணை நின்றவன்தான். கூட வேலை செய்த ஒருவர் கேட்டார், தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். பதினொரு மாதம் என் சம்பளத்தில் வெட்டினார்கள். என் தலைக்குள் பீஸ் எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தப் பட்டா. விற்றால் 15 லட்சம் போகும் என்று அத்தானே பெருமையாகச் சொல்வதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். மிச்சத் தவணை 30 தரம் 22,000, ஆறு லட்சத்து அறுபதாயிரம். லீசிங்கில் கடன் முடியும்வரை வாகனம் கம்பனியின் சொத்து. தவணை நின்றால் வாகனத்தை எடுத்து விற்கலாம். விற்ற காசு போதாவிட்டால் அந்தக் குறைக்குப் பிணைகாரரைப் பிடிப்பார்கள். 15 லட்சம் பெறுமதியான வாகனத்துக்கு ஆறரை லட்சக் கடன் என்றால் குறை எங்கிருந்து வரும்? பத்து லட்சத்துக்குப் போனாலும் காணும். அப்படியென்றால் மாதம் 22,000 கட்டி நீங்கள் காப்பாற்றுவது யாரை? உங்கள் கணவரையா, அத்தானின் வாகனத்தையா? அவர் அதில் வாடகை ஓடுகிறார், நீங்கள் இரவில் கண் முழித்துப் பள்ளிக்கூடச் சட்டை தைத்து அதற்குத் தவணை கட்டுகிறீர்கள்.

அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். கட்டாமல் சும்மா இருந்தும் விடாதீர்கள். லீசிங் கம்பனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போகட்டும்: வாகனம் இன்னார் கையில் ஓடுகிறது, இன்ன இடத்தில் நிற்கிறது, தவணையை அவரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் வாகனத்தை எடுங்கள். அத்தானுக்கும் அதன் பிரதி. அவர் குதிப்பார். 'குடும்ப மானம்' என்பார். வாகனம் போகப் போகிறது என்று தெரிந்ததும் அவரே எங்கேயாவது காசு பிரட்டுவார், பாருங்கள். சும்மா பயமுறுத்தவில்லை, ஒரு கஷ்டத்தையும் சொல்கிறேன்: போன் வரும், ஆட்கள் வருவார்கள், கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) உங்கள் கணவரின் பெயரில் கீறல் விழலாம். விழட்டும். அவர் இனி யாருக்கும் பிணை நிற்க முடியாமல் போவது உங்களுக்கு லாபம்.

கிரிப் என்றதும் இன்னொன்று. அவர் சொன்னதை மறப்பவர் என்கிறீர்கள். அப்படியானால் இந்த ஒரு பிணைதான் என்று எப்படித் தெரியும்? கடன் தகவல் பணியகத்திலிருந்து தன் சொந்த அறிக்கையை அவர் கேட்டு எடுக்கலாம். உங்கள் வங்கியில் விசாரியுங்கள். பிணை நின்ற கடன்களும் அதில் இருக்கும். கையில் வரும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறவுங்கள்.

வீட்டைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். சீதன வீடு உங்கள் பெயரில் என்று எழுதியிருக்கிறீர்கள். தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மனைவியின் தனிச் சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தையே திருத்தவோ பராமரிக்கவோ பட்ட கடன் என்றால் மட்டும் வேறு கதை. பட்டாவுக்கும் உங்கள் வீட்டுக் கூரைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நீங்களே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பு காற்றில் போய்விடும். அத்தான் அடுத்த முறை வரும்போது 'தங்கச்சி, நீங்களும் ஒரு கையெழுத்து' என்று கேட்பார் என்று என் அனுபவம் சொல்கிறது. காணி உறுதி அலுமாரிக்குள் பூட்டில் இருக்கட்டும். உறுதியை நம்பிக்கையான ஒரு நொத்தாரிசிடம் ஒருமுறை காட்டுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். பிணை வைத்த நேரம் அவருக்கு அதை விளங்கிக்கொள்ளும் நிலை இருந்ததா என்ற கேள்வியையும் அங்கே கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் நீதிமன்றம்வரை போனால் அவருடைய நிலையைப் பலர் முன்னால் விரித்து வைக்க வேண்டி வரும். ஆகவே அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருங்கள்.

அந்தப் போன் அப்புக்கு வருவோம். எரிச்சலை அடக்கிக்கொண்டு ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். தினமும் ஒரு வீதம் வந்து அது திரும்பவும் முதலோடு சேர்ந்தால் ஐந்து லட்சம் ஒரு வருடத்தில் ஒரு கோடி எண்பத்தெட்டு லட்சத்தைத் தாண்டும். வங்கியில் வருடத்துக்கு எட்டு வீதம் கிடைத்தாலே நாங்கள் சந்தோசப்படுகிற காலத்தில், இப்படி உழைக்கத் தெரிந்த ஒருவன் கோப்பாயில் வந்து உங்கள் தம்பியின் ஐந்து லட்சத்துக்கு ஏன் காத்து நிற்கிறான்? இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கொமிசன் என்று சொல்லியிருப்பார்களே? பிரமிட் திட்டம் நடத்துவது மட்டும் குற்றமில்லை, அதற்கு ஆள் பிடிப்பதும் இந்த நாட்டில் வங்கிச் சட்டத்தின்படி குற்றம். மத்திய வங்கி தடைசெய்த நிறுவனங்களின் பட்டியலையே வெளியிட்டிருக்கிறது. மறுக்கத் தெரியாத உங்கள் கணவரை முன்னால் விட்டு, 'இவர் யார் தெரியுமா, இவரே போட்டிருக்கிறார்' என்று ஊரில் ஆள் சேர்த்தால் நாளைக்குப் பொலிஸ் யாருடைய வீட்டுக்கு வரும்? தம்பியிடம் ஒரு சதமும் கேட்காதீர்கள். அதோடு, அவர் அனுப்புகிற 40,000 இப்போது கணவரின் கணக்குக்கு வருகிறது என்றீர்கள். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு ஒரு போன் அழைப்பு போதும்.

தவணை நின்றால் கணக்கு எப்படி வரும்? மிச்சம் 28,000இல் கிழமைக் கடனும் அடைவு வட்டியும் 14,500. மீதி 13,500. அதில் முதல் ஐயாயிரம் மருந்து உறைக்கு. அது செலவாகும் மாதங்களில் மட்டும் திரும்ப நிரப்புங்கள். கிழமைக் கடன் இன்னும் 28 கிழமைதான், அது முடிந்ததும் கையில் 23,500 நிற்கும். அப்படியே அடைவின் முதலுக்குக் கட்டிக்கொண்டு வந்தால், நகை இரண்டு வருடத்துக்குள் வீட்டுக்கு வரும். அத்தான் கைமாற்றைத் திருப்பித் தந்தால் இன்னும் வேளைக்கு வரும். அதை நம்பி நான் கணக்குப் போடவில்லை.

இப்போது மானம். அவருக்கு மாதம் 2,000 ரூபாயைக் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்காமல். யாருக்கும் கொடுக்கட்டும், கோயிலில் போடட்டும், தன்னோடு இருந்தவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கட்டும். கொடுக்கிற கையாக இருந்து பழகியவர், அதை ஒரேயடியாகப் பறித்தால் ஒளித்துக் கையெழுத்து வைப்பார். கையெழுத்துக்கு மட்டும் ஒரு வீட்டுச் சட்டம்: எந்தத் தாளும் இரண்டு இரவு வீட்டில் இருந்த பிறகுதான். அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிற சின்னக் கொப்பியில் முதல் பக்கத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று. மறதி வந்தாலும் கொப்பி இருக்கும். கேட்பவனுக்கும் அதைக் காட்டலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கொழும்பில் பெரிய கம்பனி முதலாளிமாரும் 'போர்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றுதான் தப்புகிறார்கள். அடையாள அட்டை இல்லாமல் பிணைப் பத்திரம் நிரப்ப முடியாது. ஆகவே அதை அவரோடு கதைத்துச் சம்மதத்தோடு உங்கள் கைப்பையில் வைத்திருங்கள்.

அடுத்த கௌரவிப்பு என்று யாராவது வந்தால் போகட்டும், பொன்னாடையையும் வாங்கட்டும். அவர் பட்ட காயத்துக்கு அந்த மரியாதை உரியதுதான். ஆனால் ஒழுங்கு செய்கிறவர்களிடம் நீங்கள் ஒன்று கேட்கலாம்: உணவுப் பொதிக்குப் பதில் ஆறு மாதத்து மருந்துச் செலவைப் பொறுப்பெடுப்பீர்களா? பொன்னாடையை அடைவு வைக்க முடியாது. ஏற்கெனவே மூன்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக் என்றீர்கள். அன்றைக்கே டொக்டரிடம், காசு விசயத்தில் தீர்மானம் எடுக்க இவருக்குக் கஷ்டம் இருக்கிறது என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கேளுங்கள். லீசிங் கம்பனிக்கும் வங்கிக்கும் அனுப்ப இரண்டு பிரதி எடுங்கள். கிளினிக் கொப்பியோடு பழைய சீ.ரி. ஸ்கான் படத்தையும் கொண்டு போங்கள். பீஸ் எங்கே இருக்கிறது என்பது அதில் வெள்ளையாகத் தெரியும்.