பக்கத்து அறையில் இருந்த பிள்ளை

கேள்வி (சுருக்கம்): என் மகளுக்கு 14 வயது. முன்பு இருந்த நாட்டில் ஆசிரியர்கள் அவளை ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டினார்கள். வேறு நாட்டில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே ‘வகுப்பில் வாய் திறப்பதில்லை’ என்று எழுதி அனுப்புகிறார்கள். உளவியலாளர்கள் சீக்கும் பஸ்ஸும் உருவாக்கிய வினாத்தாளான சீக்–பஸ் கூச்ச அளவுகோலில் 65-க்கு 54 வந்திருக்கிறது (எண் கூடினால் கூச்சம் அதிகம்). அவள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்ததால் நானே நிரப்பிவிட்டேன். இந்தக் கூச்சம் அவள் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுமா?

பதில்: 54 என்ற எண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், அந்தத் தாளை நிரப்பியது யார் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

1981-இல் வெளியாகிப் பின்னர் 13 கூற்றுகளாக விரிந்த அந்த அளவுகோல், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதற்காக அமைந்தது. பழகாதவர்கள் நடுவே தமக்குள் ஏற்படும் இறுக்கத்தை அது கேட்கிறது. மகளின் நெஞ்சு படபடப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எப்படி அளந்தீர்கள்? கூச்சம் வேறு, பிறரோடு பழகும் நாட்டம் குறைவாக இருப்பது வேறு என்பதைத்தான் சீக்கும் பஸ்ஸும் அன்று வலியுறுத்தினார்கள். பேச விரும்பியும் முடியாமல் தவிக்கும் பிள்ளையும், தனிமையை விரும்பி ஒதுங்கும் பிள்ளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பார்கள். உங்கள் மகள் இவர்களில் யார் என்பது உங்கள் 54-இல் இல்லை. அதில் இருப்பது உங்கள் மனக்குறை.

உளவியலாளர் சின்யின் சென் குழுவினர் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஷாங்காய் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கூச்சமுள்ள பிள்ளைகளை 1990-இல் சகமாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சந்தைப் பொருளாதாரம் வேரூன்றிவிட்ட 2002-இல் அதே இயல்பு ஒதுக்கப்படுவதோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து வந்தது. அங்கு பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த மாற்றத்தை உங்கள் மகள் ஒரே விமானப் பயணத்தில் கடந்திருக்கிறாள். இரண்டு பள்ளிகளும் அவளைப் பற்றி எழுதின, நீங்களும் எழுதினீர்கள். அவளை மட்டும் எவரும் கேட்கவில்லை.

எதிர்காலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கூச்சமுள்ள சிறுவர்கள் வளர்ந்தபின் தாமதமாகவே மணம் முடித்தார்கள், தாமதமாகவே நிலையான வேலையில் அமர்ந்தார்கள். 1996-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் ஆண்களுக்கு மணம் தள்ளிப்போனதே தவிர வேலை பாதிக்கப்படவில்லை. ஆனால் கூச்சமுள்ள பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவாகவே படித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரை எதிர்கொண்டு இரண்டு சொல் பேசுவது பிள்ளையின் கடமை, கூச்சம் அதற்கு விலக்கு ஆகாது என்பதில் நான் பழைய ஆள்தான். ஆனால் அதற்கும் முந்திய கடமை ஒன்று பெற்றோருக்கு உண்டு: பிள்ளை சொல்ல வேண்டியதைப் பிள்ளையே சொல்ல விடுவது. தாளிலேயே அவளுக்காகப் பேசிவிட்ட நீங்கள், விருந்தினர் முன்னும் ஆசிரியர் முன்னும் எத்தனை முறை முந்திக்கொண்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் நிரப்பிய தாளைக் கிழித்துப் போடுங்கள். நிரப்பாத தாள் ஒன்றை எடுத்துச் சென்று அவள் கதவைத் தட்டுங்கள், விருப்பமிருந்தால் எழுதட்டும். எழுதினால் மொத்தத்தைக் கூட்டாதீர்கள். எந்தக் கூற்றுக்கு மிக அதிக மதிப்பெண் இட்டிருக்கிறாளோ, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமானாலும் குறுக்கே பேசாதீர்கள்.