‘ஒண்ணுமில்ல சாமி’ன்னு சொல்லலாமுங்களா?

பையனுக்கு 7 வயசுங்க. அடுத்த வாரம் கோயமுத்தூர்ல டான்சில் ஆபரேஷன். வலிக்காதுன்னு சொல்லியே கூட்டிட்டுப் போயிரலாமுங்களா? (கோபி)

வேண்டாம். மயக்கம் தெளிந்ததும் தொண்டை வலிக்கும். நீங்கள் சொன்னது பொய் என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு ‘மருந்து குடிச்சாக் குறையும்’ என்ற நிஜத்தையும் நம்பமாட்டான்.

பயம், இல்லாத வலியை உண்டாக்குவதில்லை. இருக்கிற வலியைப் பெரிதாக்கும். டான்சில் எடுத்த 5 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 241 பேரைப் பற்றி 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்பே அதிகம் பதறியவர்களுக்கு வீட்டில் முதல் 3 நாளும் வலி கூடுதல். மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இப்படிச் சொல்லுங்கள்: “தூங்கறப்ப ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சாத் தொண்டை புண்ணாட்டம் இருக்கும். வலிக்குதுன்னு சொன்னீன்னா மருந்து தருவாங்க, குறையும்.” இந்த வயதுக்கு 5, 6 நாள் முன்பே சொல்லலாம். 3, 4 வயதென்றால் அதற்கு முந்தின நாள் சொன்னால் போதும்.

ஊசி போடறப்ப அம்மிச்சி ‘ஒண்ணுமில்ல சாமி, அழுவாத’ங்கச் சொல்லச் சொல்ல அழுகை ஏறுதுங்க. (பெருந்துறை)

பெரியவர்களே பயந்திருக்கிறார்கள் என்றுதான் குழந்தைக்கு அது கேட்கிறது. அம்மிச்சியை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. பேச்சை மாற்றச் சொல்லுங்கள். செவலைக் கன்னுக்குட்டி இன்னைக்கு எத்தனை தடவை கயித்தை அவுத்துச்சு என்று கேட்கட்டும். சோப்பு நுரைக் குமிழி ஊதக் கொடுத்தால் இன்னும் நல்லது, மூச்சு தானாக நீளும்.

வலின்னு சொன்னா மட்டும் மருந்து குடுத்தாப் போதுமுங்களா? (பல்லடம்)

முதல் 2, 3 நாள் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். வலி முற்றியபின் மருந்து கொடுத்தால் அடங்க நேரமாகும். அதற்குள் பயமும் சேர்ந்துகொள்ளும். பாராசிட்டமால் எடைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. 20 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. தப்பு நடப்பது பாட்டிலில்தான்: 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 125 என்றால் 12 மில்லி. லேபிளைப் படித்து, அளவு மூடியில் ஊற்றுங்கள். சமையல் கரண்டி வேண்டாம். டாக்டர் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. வீட்டில் கிடக்கும் நிமிசுலைடு என்ற வலி மருந்தின் பக்கம் போகாதீர்கள். 12 வயதுக்குக் கீழே அதற்கு 2011இலேயே இந்தியாவில் தடை.

பத்து நிமிடத்துக்கொருதரம் ‘வலிக்குதா?’ என்று கேட்காதீர்கள். மருந்து வேளையில், வலி இல்லாத முகம் முதல் கடும் வலி முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த படத்தைக் காட்டி, தன் வலிக்கு ஏற்ற முகத்தைத் தொடச் சொன்னால் போதும்.

அஞ்சாம் நாள் வலி திரும்பிருச்சுங்க. (பொள்ளாச்சி)

தொண்டையில் படிந்த வெள்ளைப் பொருக்கு உரியும் சமயம் அது, கூடத்தான் செய்யும். குழந்தையிடமும் முன்பே சொல்லி வையுங்கள். மருந்து கொடுத்து அரை மணி கழித்து ஆறிய கூழ் கொடுங்கள். குடிக்காமல் விட்டால் தொண்டை வறண்டு இன்னும் வலிக்கும். எச்சிலில் புது ரத்தம் சிவப்பாகத் தெரிந்தால், ஒரு தடவை என்றாலும், உடனே ஆஸ்பத்திரி.