கம்பவுண்டு கட்டியது குற்றப்பதிவு ஆகுமா?

கேள்வி: என் மகள் பிரிட்டனில் மேற்படிப்புக்கு விசா விண்ணப்பிக்கிறாள். ‘குற்றத்தீர்ப்பு ஏதும் உண்டா’ என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். கார் பார்க்கிங்கில் ஒரு தடவை கம்பவுண்டு கட்டியிருக்கிறாள். அதைக் குறிப்பிட வேண்டுமா என்று லண்டன் ஏஜெண்டுக்கு ‘ஐ பேய்ட் எ கம்பவுண்டு’ என்று எழுதினாள். அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கம்பவுண்டு ஆங்கிலம் இல்லையா? – பினாங்கு வாசகி

ஆங்கிலம்தான் அம்மா. அங்கே அது வக்கீல்களின் மேசையோடு நின்றுவிட்டது, இங்கே காரின் வைப்பர் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டத்தில் அது வினைச்சொல். ஒரு குற்றத்தைக் ‘கம்பவுண்டு செய்வது’ என்றால், வழக்குத் தொடராமல் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விவகாரத்தை அத்தோடு முடித்துக்கொள்வது. நம் மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1976 ஊராட்சிச் சட்டமும் அதிகாரிகளுக்கு இந்த உரிமையைத் தருகின்றன. ‘தவாரான் கொம்பாவுன்’ என்று மலாயில் சொல்கிறார்களே, அதில் தவாரான் (‘ஆஃபர்’) என்பதைக் கவனியுங்கள். ‘இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம், சம்மதமா?’ என்று கேட்கும் தாள் அது. கட்டினால் வழக்கில்லை. கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகும். அங்கே குற்றம் உறுதியானால் நீதிபதி விதிப்பதுதான் அபராதம். கோர்ட்டுக்கு வரச் சொல்லும் அழைப்பு சம்மன். நம் பேச்சில் மூன்றையும் போட்டுக் குழப்பி, வைப்பரில் செருகிய எந்தத் தாளையும் சம்மன் என்கிறோம்.

ஆக, கட்டி முடித்த கம்பவுண்டு குற்றத்தீர்ப்பு அல்ல. படிவத்தின் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே எழுதலாம். ஆனால் அடுத்த வரிகளையும் படிக்கச் சொல்லுங்கள். வாகனக் குற்றத்துக்குத் தண்டம் கட்டியதுண்டா என்று சில படிவங்கள் தனியாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் மறைக்க வேண்டாம்.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கொம்போனெரே’: ஒன்றாகச் சேர்த்து வைப்பது. கூட்டு வட்டியும், வேதியியலில் வரும் சேர்மமும் அந்தப் பொருளில் வந்தவை. தமிழ்நாட்டில் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரும் அப்படித்தான். நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவரோ டிரெஸர்! பிரிந்து நிற்கும் இரு தரப்பைச் சேர்த்து வைப்பதும் ‘சேர்ப்பது’தானே? அதிலிருந்து சமரசம், கணக்குத் தீர்த்தல் என்ற பொருள் கிளைத்தது. சிங்கப்பூரில் இதே தொகையைக் ‘காம்போசிஷன்’ என்கிறார்கள். அதற்கும் வேர் இதே லத்தீன்தான்.

ஆங்கிலேயர் சட்டத்தில் இதற்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் பணம் வாங்கிக்கொண்டு, பெருங்குற்றம் செய்தவனைக் காட்டிக்கொடுக்காமல் விட்டால், ‘கம்பவுண்டிங் எ ஃபெலனி’ என்று அவர் மீதே வழக்குப் பாயும். சட்டம் படிக்காதவர்கள் இந்தத் தொடரைக் கேட்டு, செய்த குற்றத்தை இன்னும் பெரிதாக்குவது என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ‘பிரச்சினையைக் கம்பவுண்டு செய்தது’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் இன்று எழுதுவது அந்தத் தவறான புரிதலில் பிறந்த வழக்கு. தீர்த்து வைக்கும் சொல் மோசமாக்கும் சொல்லாகிவிட்டது. தவறு என்று இனி யாரும் திருத்த முடியாது, நிலைத்துவிட்டது.

ஏஜெண்டு விழித்ததற்குக் காரணம் வேறு. பெயர்ச்சொல்லாக வரும்போது கம்பவுண்டு என்றால் அவருக்கு நினைவு வருவது சுற்றுச்சுவர் போட்ட வளாகம். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இது வேறு சொல். பெரும்பாலான அகராதிகள் இதை கிராமத்தைக் குறிக்கும் மலாய்க் ‘கம்போங்’கிலிருந்து, போர்த்துகீசியர் அல்லது டச்சுக்காரர் வழியாக வந்ததாகச் சொல்கின்றன. 1679-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் குறிப்புகளில், ஆந்திரக் கரையில் டச்சுக்காரர் வைத்திருந்த சாயப் பட்டறையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இது வருகிறது. நாம் ‘கம்பத்து வீடு’ என்கிறோமே, அந்தக் கம்பமும் மதுரைக்காரரின் காம்பவுண்டுச் சுவரும் பங்காளிகள். உங்கள் மகள் ஒரு முற்றத்துக்கு ஏன் பணம் கட்டினாள் என்று அந்த மனிதர் யோசித்திருப்பார்.

மறுபடி எழுதும்போது ‘பார்க்கிங் ஃபைன்’ என்று எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி துல்லியமில்லை என்றாலும் யாருக்கும் புரியும். பிரிட்டனில் ஊராட்சி கொடுக்கும் தாளுக்கு ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ‘இன்ஃப்ரிஞ்ச்மென்ட் நோட்டீஸ்’. கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது என்று ஒரு வரி சேர்த்து, பணம் கட்டிய ரசீதையும் இணைத்துவிடட்டும்.