புதன்கிழமை சாலட் ஏன் தண்ணீர் விடுகிறது?

சென்னையை அடுத்த சிறுசேரியில் வேலை பார்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: “காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அந்த நேரத்தில் சமைக்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஐந்து கண்ணாடி பாட்டில்களில் சாலட் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். திங்கட்கிழமை நன்றாக இருக்கிறது. புதன்கிழமை அடியில் தண்ணீர் நிற்கிறது, இலை கொழகொழவென்று ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தாலே ஒரு வாடை. போன வாரம் அப்படியே கொட்டிவிட்டேன், மனசுதான் கேட்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்? பழைய ஊறுகாய் பாட்டிலில் வைப்பதுதான் காரணமா?”

முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை பாட்டிலைக் கொட்டியது சரியான காரியம், அதற்காக வருந்த வேண்டாம். தப்பு எங்கே என்றால், உப்பும் காயும் சீக்கிரமே சந்தித்துக்கொள்வதில் பாதி இருக்கிறது. ஐந்து நாளைக்கும் சேர்த்துச் செய்வதில் மீதி இருக்கிறது.

நம் வீட்டுக் கோசுமல்லியை நினைத்துப் பாருங்கள். ராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு செய்வோமே, அதுதான். ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தாளிப்பு எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் உப்பையும் எலுமிச்சையையும் இலை போட்ட பிறகுதான் கலப்பார்கள். முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். வெளியே உப்பு இருந்தால் காயின் செல்லுக்குள் இருக்கும் நீர் அந்த உப்பை நோக்கி வெளியேறும். நீர் வெளியேறிய காய் துவண்டுபோகும். மாங்காயில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் பாத்திரத்தில் நீர் நிற்பதும் இதே காரணத்தால்தான். ஊறுகாய்க்கு அது வேண்டும், சாலட்டுக்கு வேண்டாம்.

பாட்டிலில் அடுக்குவது பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் செய்யும் வேலை இல்லை. பரிமாறும்போது உப்புப் போடும் அந்த வழக்கத்தை அலுவலகம் வரை கொண்டுபோகும் வழி அது. உப்பும் புளிப்பும் அடியில், இலை உச்சியில், நடுவில் நீரை விடாத பொருள்களால் ஒரு சுவர். சாப்பிடும் நேரத்தில்தான் எல்லாம் ஒன்றுசேர வேண்டும்.

அடியில் ஊற்றும் டிரெஸ்ஸிங்கில் இருந்து தொடங்கலாம். முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் போதும். விருப்பம் இருந்தால் அந்த எண்ணெயிலேயே கடுகும் பெருங்காயமும் தாளித்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மத்தியானம் மெழுகுபோல அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெயே வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் அந்த இரண்டு டீஸ்பூனை நான் குறைக்கச் சொல்லமாட்டேன். எலுமிச்சையின் வைட்டமின் சி, சுண்டலில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் உதவுகிறது.

டிரெஸ்ஸிங்குக்கு மேலே வருவது, புளிப்பில் ஊறினால் கெடாமல் இன்னும் ருசி கூடும் காய்கள். கேரட், முள்ளங்கி, நூக்கல், முட்டைக்கோஸ், வெங்காயம் இந்த வகை. வெங்காயம் கட்டாயம் இங்கேதான் இருக்க வேண்டும். எலுமிச்சையில் ஊறும்போது அதன் காரம் தணியும், மேலே வைத்தால் பாட்டில் முழுக்க வெங்காய வாடைதான். கேரட்டைத் துருவாதீர்கள், விரல் நீளத்துக்கு மெல்லிய குச்சிகளாக நறுக்குங்கள். துருவினால் அத்தனை செல்களும் கிழிந்து சாறு இறங்கிவிடும். பீட்ரூட் போடலாம், ஆனால் அதற்கு மேலே இருக்கும் எல்லாமே சிவந்துவிடும். பனீர் சிவப்பானால் பரவாயில்லை என்றால் போடுங்கள்.

அடுத்தது சுண்டல். இதுதான் நான் சொன்ன சுவர், மதியச் சாப்பாட்டில் வயிற்றை நிறைப்பதும் இதுதான். வெறும் காயும் இலையும் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கேன்டீன் சமோசாவைத் தேடுகிறவர்கள் பலர். அது மனவுறுதிக் குறைவு இல்லை, பாட்டிலில் புரதம் குறைவு. மூன்று பாட்டிலுக்கு 150 கிராம் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள். வெந்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும். ஒரு பாட்டிலுக்கு 100 கிராம் என்று வைத்தால் அதில் எட்டு, ஒன்பது கிராம் புரதம் கிடைக்கும். கூடவே 50 கிராம் பனீர் வைத்தால் இன்னொரு ஒன்பது கிராம். வெந்த கடலையைத் தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் முழுவதும் ஆறவிட்டு, நீரைத் துடைத்த பிறகே அடுக்க வேண்டும். சூட்டோடு போட்டு மூடினால் ஆவி மூடியில் துளித்துளியாகச் சேர்ந்து நேராக இலை மேல் சொட்டும். அதே சமயம் ஆறட்டும் என்று இராத்திரி முழுக்க வெளியே வைத்துவிடக் கூடாது. வெந்த பொருள் எதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயாக வேண்டும்.

முளைகட்டிய பயறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியம் என்று நினைத்துப் பச்சையாகவே பலர் போடுகிறார்கள். பயறு முளைப்பதற்குத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் சால்மோனெல்லா மாதிரியான கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை. கழுவினாலும் அவை முழுதாகப் போவதில்லை. அன்றே சாப்பிடுவதாக இருந்தாலும், மூன்று நாள் வைப்பதாக இருந்தாலும், இட்லிப் பானையில் நன்றாக ஆவி கட்டி, ஆறவைத்துப் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் யாருக்காவது இந்தப் பாட்டில் போகிறது என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சுண்டலுக்கு மேலே பனீர், வேகவைத்த சோளம், குடைமிளகாய், மாதுளை. வெள்ளரிக்காயும் தக்காளியும் இங்கே வரலாம், ஆனால் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு. தண்ணீர் அதிகம் விடுவது அந்தக் குழகுழப்பான நடுப்பகுதிதான். தக்காளியை நான் அன்று காலையில் முழுதாகக் கொண்டுபோய் அங்கே நறுக்குவேன், இல்லையென்றால் சின்னச் செர்ரித் தக்காளியை வெட்டாமல் போடுவேன். தேங்காய்த் துருவலை ஞாயிற்றுக்கிழமை போடவே வேண்டாம். சீக்கிரம் ஊசிப்போகும். வறுத்த வேர்க்கடலையும் அப்படித்தான், ஈரத்தில் நமத்துவிடும். இரண்டையும் காலையில் ஒரு சின்ன டப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இலை. புதன்கிழமை இலை கொழகொழவென்று ஆவதற்கு ஈரமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். லெட்டூஸோ கொத்தமல்லியோ புதினாவோ, கழுவியபின் எப்படிக் காயவைக்கிறீர்கள்? வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்தால் போதாது. இலை மடிப்புகளில் ஒட்டியிருக்கும் நீர்தான் மூன்றாம் நாள் கொழகொழப்பாக மாறுகிறது. நான் செய்வது இப்படி. மண் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக உதறுவேன். அப்புறம் பழைய வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் மெல்லச் சுருட்டி, லேசாக அழுத்துவேன். துணி நனைந்ததும் வேறு உலர்ந்த துணியில் மாற்றி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம். இலையைத் தொட்டால் விரலில் ஈரம் படக்கூடாது. கன்றிப்போன, கிழிந்த இலை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, அழுகல் அங்கிருந்துதான் பரவும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் கொடுங்கள், வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள். இலையைப் பாட்டிலில் திணிக்காமல் தளர்வாக வைத்து, மூடிக்குக் கீழே ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வையுங்கள். சேரும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். லெட்டூஸ் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் அதைவிடப் பல மடங்கு தாங்கும், விலையும் குறைவு.

எத்தனை நாள் வைக்கலாம்? ஞாயிற்றுக்கிழமை செய்வது திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளைக்கு மட்டும். புதன் இரவு மறுபடி இரண்டு பாட்டில், வியாழனுக்கும் வெள்ளிக்கும். வெந்த சுண்டல் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும், அதற்கு மேல் வாடை வராவிட்டாலும் நம்பக் கூடாது. கிருமி பெருகினால் எப்போதும் நாற்றம் வரும் என்பதில்லை. புதன் இரவு வேலை கூடுகிறதே என்று தோன்றும். ஞாயிறன்றே குச்சியாக நறுக்கிய கேரட்டையும் முள்ளங்கியையும் உப்பில்லாமல் உலர்வாக ஒரு டப்பாவில் வைத்துவிட்டால், புதன் இரவு கடலை வேகும் நேரம்தான், அடுக்கப் பத்து நிமிடம் போதும்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கதவுத் தட்டில் பாட்டிலை வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாவது அதுதான். உள்ளே நடுத் தட்டில் வையுங்கள். ஆனால் பின்சுவரை ஒட்டி வேண்டாம், சில ஃபிரிட்ஜ்களில் அங்கே இலை உறைந்து, உருகியதும் கூழாகிவிடும். கோடையில் கரண்ட் போய், நான்கு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை என்றால் பனீரும் சுண்டலும் இருக்கும் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்று, பஸ் ஏறியதிலிருந்து மதியம் ஒரு மணி வரை பாட்டில் எங்கே இருக்கிறது? ஆறு மணி நேரத்துக்கு மேல் பையிலேயே கிடக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பார்த்து அடுக்கியதற்குப் பயனில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். குளிர்ந்த உணவை வெளியே இரண்டு மணி நேரம் வைக்கலாம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். சென்னையில் அது பெரும்பாலான நாள். அலுவலகம் போனதும் அங்குள்ள ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், குளிர் தாங்கும் பையில் உறையவைத்த ஐஸ் பேக்கையோ தண்ணீர் பாட்டிலையோ ஒட்டி வையுங்கள். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இல்லை, ஐஸ் பேக்கும் கொண்டுபோக முடியாது என்றால் பாட்டில் சாலட் உங்களுக்கான மதியச் சாப்பாடு இல்லை என்றுதான் சொல்வேன். அப்படியானால் முழு வெள்ளரிக்காய், முழுத் தக்காளி, எலுமிச்சை, வறுகடலை, ஒரு சின்னக் கத்தி. அங்கே நறுக்கிக் கலக்க ஐந்து நிமிடம் ஆகும்.

பாட்டிலைப் பையில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுத்துவிட்டால் டிரெஸ்ஸிங் இலை வரை வந்துவிடும். சாப்பிடும்போது பாட்டிலைக் குலுக்கி அதிலேயே தின்னப் பார்ப்பதைவிட ஒரு தட்டிலோ அகலக் கிண்ணத்திலோ கவிழ்த்துக் கொட்டுங்கள். இலை கீழே விழும், அதன்மேல் காயும் சாறும் தானாக வந்து சேரும்.

கடைசியாக ஊறுகாய் பாட்டில். கண்ணாடியில் தப்பில்லை. மூடிதான் சிக்கல். மூடியின் உள்பக்கம் இருக்கும் வளையமும் பூச்சும் எண்ணெயையும் மசாலா வாடையையும் பிடித்துவைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் இலைக்கு அந்த வாடை ஏறும். உள்பூச்சு உரிந்து துரு தெரிகிற தகர மூடியை உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள், எலுமிச்சையின் புளிப்பு அதை இன்னும் அரிக்கும். கை உள்ளே போகும் அளவு வாய் அகன்ற முக்கால் லிட்டர் பாட்டில்கள் மூன்று வாங்கினால் போதும். வாய் குறுகியதாக இருந்தால் அடுக்கும்போதே இலை கசங்கும், அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவவும் முடியாது. கழுவிய பாட்டிலையும் மூடியையும் தனித்தனியாக வெயிலில் காயவைத்து, மூடாமல் திறந்தே எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று பார்த்த பிறகு எலுமிச்சையைப் பிழியத் தொடங்கலாம்.