ஜெர்மனியில் பிஎச்டி: ஒப்புதல் கடிதத்துக்கு ஒன்றரை லட்சமா?

கேள்வி: எம்எஸ்சி வேதியியல் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் பிஎச்டி செய்ய ஆசை. அறுபது பேராசிரியர்களுக்கு மேல் மெயில் அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு கன்சல்டன்சியில், ஒன்றரை லட்சம் கட்டினால் பேராசிரியரின் ஒப்புதல் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கட்டாதீர்கள்.

பேராசிரியருக்கு முதலில் எழுதுவது என்ற உங்கள் முடிவு சரிதான். அங்கே பெரும்பாலும் நுழைவுத் தேர்வோ கலந்தாய்வோ கிடையாது. ஒரு பேராசிரியர் உங்களை எடுத்துக்கொண்டால் இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவருடைய ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வந்திருந்தால், ஈ-13 என்ற அரசு ஊதியப் படியில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ சம்பளம் கொடுத்து வேலைக்கே எடுப்பார். டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்குப் போனாலும் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அங்கே யாரும் காசு வாங்குவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டிக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணமும் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ வரை கட்டினால் போதும்.

அப்படியானால் அந்த ஒன்றரை லட்சம் எதற்கு? உங்கள் பெயரில் ஒரு மெயில் முகவரி தொடங்கி, கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொண்டு, ஒரே கடிதத்தை நூறு பேருக்குத் தட்டிவிடுவதற்கு. பேராசிரியர் கேள்வி கேட்டால் பதில் எழுதுவதும் அவர்கள்தான். வீடியோ நேர்காணலில் நீங்கள் உட்காரும்போது, உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே கடிதம் போனால், அவர்கள் மதிய உணவின்போது பேசிக்கொள்வார்கள். கெடுவது உங்கள் பெயர். முகவரியும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும்.

சரி, ஏன் பதில் வரவில்லை? நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, உங்கள் பெருமைமிகு ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்" என்று தொடங்குகிறது. யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய கடிதம் இது. பேராசிரியரின் பெயரைப் போட்டு எழுதுங்கள். துத்தநாக ஆக்சைடு நானோ துகள் செய்து மெத்திலீன் நீலச் சாயத்தைச் சிதைத்துப் பார்த்தது உங்கள் ப்ராஜெக்ட். நல்லது, ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிட்டீர்கள். துகளை எந்த முறையில் செய்தீர்கள், எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) எடுத்தது நீங்களா, அல்லது வெளியே கொடுத்து வாங்கினீர்களா, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சாயம் சிதைந்தது, எங்கே சரியாக வரவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை இரண்டு வரியில் சேருங்கள். பயோடேட்டா, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே பிடிஎஃப். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் அனுப்ப வேண்டாம். பலர் விடுமுறையில் இருப்பார்கள். இப்படி எழுதினால் வாரத்துக்கு மூன்று பேருக்குத்தான் எழுத முடியும். போதும். அறிவிக்கப்பட்ட இடங்கள் டிஏஏடி நடத்தும் பிஎச்டிஜெர்மனி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் பிஎச்டிக்காக நடத்தும் ஐஎம்பிஆர்எஸ் ஆய்வுப் பள்ளிகளுக்குப் பொதுவாகப் பேராசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு, தனிக் கடைசித் தேதி, இணைய விண்ணப்பம், தேர்வுக் குழு, நேர்காணல் என்று இருக்கும். பேராசிரியரே ஆசைப்பட்டாலும் குழுவைத் தாண்டி அந்தப் பள்ளியில் சேர்ப்பது பொதுவாக முடியாது. பட்டத்தையும் மாக்ஸ் பிளாங்க் தருவதில்லை, அதோடு இணைந்த பல்கலைக்கழகம்தான் தரும். ஆகவே "மாக்ஸ் பிளாங்கில் இடம் வாங்கித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் அது பொய். அங்கே வேலை செய்பவரின் உறவினர் என்று சொன்னாலும் பொய்தான்.

கடைசியாகப் பரிந்துரை. நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள். இந்தப் பழக்கத்தால் எத்தனை நல்ல மாணவர்கள் அடிபடுகிறார்கள் என்று நினைத்தாலே எரிச்சல் வருகிறது. கையெழுத்துப் போட்டவருக்கே ஜெர்மன் பேராசிரியர் மெயில் அனுப்பி உங்களைப் பற்றிக் கேட்பதுண்டு. அவரிடமிருந்து பதில் போகவில்லை என்றால் கதை முடிந்தது. உங்கள் ப்ராஜெக்ட் கைடை நேரில் பார்த்து, யாருக்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்ற பட்டியலைக் கொடுங்கள். வெளிநாட்டு மெயில் வந்தால் ஸ்பாம் பெட்டியிலும் பார்த்துப் பதில் போடச் சொல்லுங்கள்.