கடற்படைக்குத் துணைக் கப்பல் உடனே வேண்டும்: குத்தகைக்கு எடுப்பதா, பழையதை வாங்குவதா?

நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் உணவும் கொடுக்கும் கப்பல், அல்லது படையையும் வண்டிகளையும் சுமக்கும் கப்பல் அவசரமாகத் தேவை, புதிதாகக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை என்ன செய்வது என்பது கேள்வி. விலையை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: கப்பலில் எவ்வளவு வெட்டி ஒட்டப் போகிறோம், அதை எந்தக் கடலுக்கு அனுப்பப் போகிறோம்.

இந்த வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்த நாடு ஆஸ்திரேலியா. பிரிட்டிஷ் கடற்படைத் துணைப்பிரிவின் ஆப்பிள்லீஃப் என்ற எண்ணெய்க் கப்பலை 1989இல் ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்து, வெஸ்ட்ரேலியா என்று பெயர் மாற்றி, 1994இல் சொந்தமாகவே வாங்கிக்கொண்டது. இந்த ஏற்பாடு சரியாக அமைந்ததற்குக் காரணம், அது ஏற்கெனவே கடற்படை வேலைக்கான கப்பல். ஓடும்போதே பக்கத்துக் கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கும் கம்பங்களும் வின்ச்சுகளும் அதிலேயே இருந்தன. பெரிய மாற்றம் தேவைப்படாத கப்பலுக்குக் குத்தகை பொருந்தும். பிரிட்டனும் இதே முறையில்தான் நார்வேயின் போலார்பியோர்ன் கப்பலை 2011இல் மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்து, ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு 2013இல் 5.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இன்றைய எச்.எம்.எஸ். புரொடெக்டர் அதுதான்.

சாதாரண வணிகக் கப்பலைக் குத்தகைக்கு எடுத்தால் கணக்கு மாறிவிடும். எண்ணெய் கொடுக்கும் கம்பத்தின் காலடியில் தளத்துக்குக் கீழே எஃகு விட்டங்களைப் பற்றவைத்து வலுவாக்க வேண்டும். இரு கப்பல்களும் ஆடும்போது கம்பிவடம் அறாமலும் தொய்யாமலும் பார்த்துக்கொள்ளும் இழுவிசை வின்ச், கூடுதல் பம்புகள், ஹெலிகாப்டர் தளம், தீயணைப்பு என்று பட்டியல் நீளும். குத்தகை முடிந்து கப்பலைத் திருப்பித் தரும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான் விழும். ஆகவே பெரிய மாற்றம் என்றால், குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்தது கப்பலை ஓட்டுவது யார் என்பது. பேர்போட் சார்ட்டர் என்றால் வெறும் கப்பல் மட்டும் வரும். மாலுமி, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. டைம் சார்ட்டர் என்றால் உரிமையாளரின் மாலுமிகளோடு வரும். கப்பல் பழுதாகி நின்றால் அந்த நாட்களுக்கு வாடகை நிற்கும், அது பெரிய நன்மை. ஆனால் சிவில் மாலுமிகளையும் அவர்களின் காப்பீட்டையும் வைத்துக்கொண்டு சண்டை நடக்கும் கடலுக்குப் போக முடியாது. 2014இல் தன் புரொடெக்டூர் என்ற துணைக் கப்பல் (மேலே சொன்ன பிரிட்டிஷ் கப்பல் அல்ல) தீப்பிடித்துப் போன பிறகு, மாலுமிகளோடு வாடகைக்கு எடுக்கும் இந்த வழியைத்தான் கனடா எடுத்தது. ஆஸ்டெரிக்ஸ் என்ற கன்டெய்னர் கப்பலைத் தனியார் நிறுவனம் கியூபெக்கில் மாற்றியமைத்து, சிவில் மாலுமிகளோடு வாடகைக்குக் கொடுத்தது. 2018 தொடக்கத்திலேயே அது வேலைக்கு வந்துவிட்டது. இடைவெளியை அடைக்க அருமையான ஏற்பாடு. ஆனால் போர்க்கடலுக்கு அனுப்ப முடியாத கப்பலையே நிரந்தரத் தீர்வாக நினைப்பது தவறு.

பழையதை வாங்குவதில்தான் அடி அதிகம். ஆஸ்திரேலியா 1994இல் அமெரிக்காவிடம் சுமார் 6.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு இரண்டு தரையிறக்கு கப்பல்களை வாங்கியது. கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோதுதான் துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தது. கனிம்ப்ளா, மனூரா என்று பெயர் பெற்ற அவை பல ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகே பணிக்கு வந்தன. 2011 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவை யாசி புயல் தாக்கியபோது அனுப்ப ஒரு தரையிறக்கு கப்பல்கூடத் தயாராக இல்லை. அந்த ஆண்டே இரண்டும் ஓய்வு பெற்றன.

அதனால் வாங்கும் முன் சர்வேயில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. கப்பலை உலர்துறையில் ஏற்றி, தகடுகளின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்க வேண்டும். முக்கியமாகக் கப்பலின் சமநிலைக்காக உப்புநீர் நிரப்பும் பல்லாஸ்ட் டேங்குகளுக்கு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட தேய்மானத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே போயிருந்தால், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் கிளாஸ் நிறுவனங்கள் அதைக் கடும் அரிப்பு என்றே குறிக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய சர்வே எப்போது என்றும் பாருங்கள். விற்பவர் அந்தச் செலவைத் தவிர்க்கவே கப்பலைத் தள்ளிவிடுவதுண்டு.

சர்வேயிலும் சில குறைகள் தெரியாது. 2011இல் பிரிட்டனிடம் 6.5 கோடி பவுண்டுக்கு ஆஸ்திரேலியா வாங்கிய சூல்ஸ் என்ற தரையிறக்கு கப்பல் ஐந்தே வயதான நல்ல கப்பல். 2012 ஜூனில் அதன் மின் உந்துவிசை டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போய்விட்டது. உள்ளே இன்சுலேஷன் முன்கூட்டியே முதுமை அடைந்திருந்தது. கடைக்குப் போய் வாங்கும் பொருள் இல்லை அது. 2013 ஏப்ரல் வரை கப்பல் வேலைக்கு வரவில்லை.

வாங்கிய பிறகு செய்யும் சிறு மாற்றமும் ஆளைக் கொல்லும். வெஸ்ட்ரேலியாவின் எஞ்சினில் கசிந்துகொண்டிருந்த எரிபொருள் குழாய்களுக்குப் பதிலாக வளையும் ஹோஸ்களைப் போட்டார்கள். கிளாஸ் ஒப்புதல் இல்லை. பம்பின் அழுத்தத் துடிப்பை அந்த ஹோஸ் தாங்கவில்லை. 1998 மே 5 அன்று அது வெடித்து, சூடான எஞ்சின் பாகத்தில் டீசல் பீய்ச்சியடித்துத் தீப்பற்றியதில் நான்கு பேர் இறந்தார்கள். கப்பல் நம்முடையதாகிவிட்டால் இந்த ஒப்புதல் ஒழுங்கைக் கட்டிக்காக்க நம்மிடம் ஆள் வேண்டும். அது இல்லாத கடற்படை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என்னைக் கேட்டால் சிறந்த பேரம் ஆஸ்திரேலியாவின் சிரியஸ் என்ற எண்ணெய்க் கப்பல்தான். தென்கொரியாவில் கட்டப்பட்ட டெலோஸ் என்ற புத்தம்புது இரட்டை ஹல் (இரட்டை வெளிச்சுவர்) எண்ணெய்க் கப்பலை 2004இல் வாங்கி, மேற்கு ஆஸ்திரேலியாவில் மாற்றியமைத்து, 2006இல் பணியில் சேர்த்தார்கள். துரு இல்லை, குழாய்களும் டேங்குகளும் ஏற்கெனவே எண்ணெய்க்கானவை, புதிதாகக் கட்டுவதைவிடச் சீக்கிரம் வந்தது. ஒரே புரொப்பெல்லர், மணிக்குச் சுமார் 16 கடல் மைல் வேகம் ஆகிய குறைகளைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். 2021இல் ஓய்வு பெறும் வரை உழைத்தது.

எது வாங்கினாலும், பணம் கைமாறும் முன்பே வரைபடங்கள், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றைக் கையில் வாங்குங்கள். உற்பத்தி நின்றுபோன பெரிய பாகங்களுக்கு ஓர் உபரியும் சேர்த்து விலை பேசுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் அதே பாகத்துக்கு வேறு விலை சொல்வார்கள்.