இறங்குவது எப்படி என்று முதலில் யோசியுங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது, கணவருக்கு 57. அவர் பிரஷர் மாத்திரை போடுகிறார். மகளுக்கு 24. இமாசலில் மண்டி பக்கம் இருக்கும் பராசர் ஏரிக்குக் காட்டு வழியாக நடந்து போக வேண்டும், இரவு ஏரிக்கரையில் கூடாரம் போட வேண்டும் என்று மகள் பிடிவாதம். அக்டோபரில் போகலாம் என்றிருக்கிறோம். பழனி படி வருஷா வருஷம் ஏறுகிறவர்கள்தான் நாங்கள். இது முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பழனியில் ஏறிவிட்டுத் திரும்பும்போது படியில் இறங்குகிறீர்களா, வின்ச்சில் வருகிறீர்களா? வின்ச் என்றால் உங்கள் முழங்காலைப் பற்றி உங்களுக்கு இன்னும் பாதிதான் தெரியும்.

பாகி கிராமத்திலிருந்து ஏரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர். ஏரி இருப்பது 2,730 மீட்டரில். பாகியிலிருந்து ஏறவேண்டிய உயரம் கிட்டத்தட்ட 750 மீட்டர். பழனி மலையைப் போல ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளுங்கள். 1892இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அவர் நம் வீட்டுக்காரர்களோடு நடந்தவரில்லை. உட்காருவது, போட்டோ, முறுக்கு எல்லாம் சேர்த்து அதை ஒன்றரை மடங்காக்கி, நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏரியை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யக் காரணம் அழகு மட்டுமில்லை. கட்டௌலா, பாகி வழியாக ஜீப் பாதை ஒன்று ஏரிக்குப் பக்கம் வரைக்கும் போகிறது. அதனால் காட்டு வழியாக ஏறுங்கள், வண்டியில் இறங்குங்கள். நடந்து ஏறாமல் வண்டியிலேயே போய் வருவதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. நடந்தே இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற வருஷம், கூட வேலை பார்த்த இரண்டு டீச்சர்களோடு போனேன். ஏரியைப் பார்த்த சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை. நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். அக்டோபரில் அங்கே சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்னாலேயே இருட்டு. ஊசியிலைச் சருகு பாலீஷ் போட்ட தரை மாதிரி வழுக்கியது. மூன்று பேருக்கு ஒரே போனில் டார்ச். பாகியின் விளக்கைப் பார்த்தபோது ஒருத்தி அழுதேவிட்டாள். (நான் என்று சொல்லவில்லை.) அடுத்த இரண்டு நாள் மண்டி லாட்ஜில் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து ரோட்டில் மண்டி. மண்டியில் ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள், ஊர் வந்த அன்றே மலையேற வேண்டாம். மறுநாள் காலை ஆறரைக்கு வாடகை வண்டியில் கிளம்பினால் எட்டு மணிக்கு பாகி. அதே வண்டியை மதியம் மேலே வரச் சொல்லி, நேரத்தை வாயாலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போனால் போன் எடுக்கும் என்று நம்பாதீர்கள். மூன்று மணிக்கு மேல் ஏரிக்கரையில் ஒரு நிமிஷமும் கூடாது.

பாகியில் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஆடுமாடு போன தடமெல்லாம் பாதை மாதிரியே தெரியும். முதலில் ஓடை, பிறகு ஓக் மரங்கள், புராஞ்ச் மரங்கள். நம் நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறார்களே, அதற்குச் சொந்தம்தான் புராஞ்ச். அக்டோபரில் பூ இருக்காது, ஏமாற வேண்டாம். மரம் முடிந்து புல்வெளி வந்ததும் தௌலாதார் மலைத்தொடர் தெரியும். ஏரி மட்டும் கண்ணில் படாது. கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் கடைசி மேடு தாண்டிய பிறகுதான் காட்சி கொடுக்கும். உள்ளே வட்டமாக ஒரு புல் தீவு மிதக்கும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரையில் மூன்றடுக்கு மரக்கோயில், வியாசரின் அப்பா பராசரருக்கு. பதிமூன்றாம் நூற்றாண்டில் மண்டி அரசர் பான் சேன் கட்டியது என்பார்கள்.

கணவரின் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். வந்தால் அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். வண்டி நிற்பது அதற்கும் உதவும்.

கூடாரத்துக்கு என் ஓட்டு இல்லை. அது ஊர்க்காரர்கள் கும்பிடும் தண்ணீர், குளிரும் எலும்பைத் தொடும். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போகலாமா என்று அடுத்து கேட்பாள். 2023 ஜூன் கடைசியில் பாகி பக்கம் திடீர் வெள்ளம் வந்து சுற்றுலா வந்தவர்கள் வழியிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் திண்டுக்கல் மலைக்கோட்டை. ஏறுவதை விட இறங்குவதை மெதுவாக, எண்ணி எண்ணிச் செய்யுங்கள்.

கேள்வி: அதே மண்டி பக்கம் கம்ருநாக் ஏரியில் தங்கம் கொட்டிக் கிடக்கிறதாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பக்தர்கள் காசும் நகையும் ஏரியில் போடுவது உண்மை. எடுக்கும் வழக்கம் இல்லை. எவ்வளவு கிடக்கிறது என்று எனக்கெதற்கு, உங்களுக்கும் எதற்கு? ரோஹாண்டாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், தேவதாரு காட்டில் செங்குத்தான ஏற்றம், பராசரை விடக் கடினம். எனக்கு அங்கே பிடித்தது கதைதான். பாரதப் போருக்கு முன் கண்ணன் ஒரு வீரனின் தலையைக் கேட்டு வாங்குகிறான். வெட்டிய தலை உயரத்தில் இருந்து போர் முழுவதையும் பார்க்கிறது. அந்தத் தலைதான் கம்ருநாக், மழை கொடுக்கும் தெய்வம். பூசாரி சொல்லச் சொல்ல, 'இது நம்ம கூத்தாண்டவர்தானே!' என்று தமிழிலேயே கத்திவிட்டேன். களபலியான அரவானின் தலையும் போரைப் பார்த்தது என்பதுதானே நம் ஊர்க் கதையும். பூசாரி பயந்துபோய் எனக்கு இரட்டைப் பிரசாதம் கொடுத்தார்.

கேள்வி: மலையேற்றத்துக்குப் புது ஷூ வாங்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வாங்குங்கள், ஆனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு. அரை சைஸ் பெரிதாக, சாயங்காலத்தில், தடித்த சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். சரியான அளவு என்று நான் பெருமைப்பட்டு வாங்கிய ஜோடி, இறக்கத்தில் விரலை முன்னால் தள்ளித் தள்ளி, வலது கட்டைவிரல் நகத்தைக் கறுப்பாக்கிக் கழற்றிவிட்டது. புது நகம் முழுசாக முளைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.